எரிந்துபோன ஆறு பக்கங்கள்

பாக்நாம்போ
புத்த ஆண்டு 2520, மார்ச் 14

குன் சவாங் அவர்களுக்கு,

உறையின் பின்பக்கம் இருக்கும் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிரித்திருந்தால் நன்றி. நான் லமியத். இன்ஸ்பெக்டர் சனோங்கின் மனைவி. போன அக்டோபரில் படகுத்துறைப் பக்கம் இருந்த உங்கள் கடையைப் பூட்டி, புத்தகங்களைக் காவல் நிலையத்துக்குப் பின்னால் குவித்து எரித்தாரே, அவரேதான். பிப்ரவரியில் இறந்துபோனார். குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

அனுதாபம் கேட்டு எழுதவில்லை. நீங்கள் அனுதாபப்பட வேண்டிய ஆளும் இல்லை.

உடல் கோயிலில் இருக்கிறது. நூறாவது நாள் கழிந்து ஜூன் மாதம் தகனம். வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தகனப் புத்தகம் அச்சிட வேண்டும். என்ன போடுவது என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கொழுந்தனார் தர்ம உபதேசங்கள் போடு என்கிறார். காவலர் மனைவியர் சங்கத்தில் மிளகாய்த் துவையல் குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் சங்கத் தலைவியின் மாமனாருக்கும் துவையல்தான் போட்டார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் காரமே தொட்டதில்லை.

படத்துக்குப் பக்கத்தில் பதக்கங்களை வைக்க வேண்டும் என்று அவருடைய அலமாரியைத் திறந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறை. சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். சீருடைகளுக்கு அடியில் ஒரு துண்டில் சுற்றி நீங்கள் எழுதிய புத்தகம் இருந்தது. ‘சங்கு ஊதாத நாள்’. பின்னட்டை இல்லை. கடைசிப் பக்கங்கள் கருகி உதிர்ந்துவிட்டன. இன்னும் மண்ணெண்ணெய் வாடை வீசுகிறது. தீயில் போட்டதை அவரே வெளியே இழுத்திருக்கிறார்.

ஆலைத் தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த இளம் போலீஸ் லெப்டினன்டுக்குச் சுடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, அவன் துப்பாக்கியைக் கையில் எடுக்கிறான். அந்த இடத்தோடு பக்கம் முடிந்துவிடுகிறது. அதன் ஓரத்தில் பென்சிலால் அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: ‘பிறகு?’

நானும் படித்துவிட்டேன். இப்போது எனக்கும் அதே கேள்விதான்.

அவருடைய தகனப் புத்தகமாக உங்கள் நாவலைப் போடலாம் என்று இருக்கிறேன். என்னிடம் இல்லாதது அந்தக் கடைசிப் பக்கங்கள் மட்டும். உங்களிடம் பிரதி இருக்கிறதா?

லமியத்



சியாங்கான்
மார்ச் 25

இன்ஸ்பெக்டர் மனைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எரிப்பது எங்கள் பழக்கம் இல்லை.

என்னிடம் பிரதி இல்லை. யாரிடமும் இல்லை. தடைப் பட்டியல் வந்த பிறகு நண்பர்கள் எல்லாருக்கும் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் வாழைத் தோட்டத்தில் புதைத்தார், மழையில் மட்கிவிட்டது. ஒருவர் ஆற்றில் விட்டார். இன்னொருவர் அப்படி ஒரு புத்தகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் எழுதினார். அதில் அவர் எழுதிய அணிந்துரையே இருந்தது.

ஆக, நாட்டிலேயே மிச்சமிருக்கும் ஒரே பிரதி அதை எரித்தவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை வைத்து அவருக்கு மாலை கட்ட வேண்டும், நாரும் நானே தர வேண்டும் என்கிறீர்கள்.

அன்று நடந்ததை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கடையிலிருந்து நிலையம் வரை கட்டுகளை என் தலையிலேயே சுமக்க வைத்தார். தாழ்வாரத் தூணில் என் கையைப் பூட்டி, நான் பார்க்கும்படி உட்கார வைத்துத்தான் கொளுத்தினார்கள். நடுவில் அவர் எனக்கு ஐஸ் போட்ட கறுப்புக் காப்பி வாங்கிவரச் சொன்னார். “வெயிலா இருக்கு, குடிங்க” என்றார். சிறையில் பட்ட அடி மறந்துவிட்டது. அந்தக் காப்பி மறக்கவில்லை.

இங்கே நான் வாத்து வளர்க்கிறேன். திங்கள்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறேன். முட்டை வியாபாரம் சுமார். அக்கரையில் லாவோஸ் தெரிகிறது.

அந்த லெப்டினன்ட் துப்பாக்கியை எடுத்த பிறகு என்ன ஆனது என்பது இப்போது என் ஒருவனுக்குத்தான் தெரியும். உங்கள் கணவருக்கு அது தெரியாமலே போனதில் எனக்கு ஒரு திருப்தி. அதைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

துவையல் குறிப்பே போடுங்கள்.

சவாங்



பாக்நாம்போ
ஏப்ரல் 3

குன் சவாங்,

கோபித்துக்கொண்டது சரி. ஆனால் ஆளைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மாலை கட்ட நினைப்பதாக யார் சொன்னது?

கல்யாணமான புதிதில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றை விடாமல் படித்து வந்தேன். அதில் ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். அந்த வாரத்தோடு பத்திரிகையை நிறுத்திவிட்டார். “உனக்கு எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம், மனசு கெட்டுப்போகும்” என்றார். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை அவர்தான் முடிவு செய்தார். நானும் விட்டுவிட்டேன். அவருக்கு நல்லது கெட்டது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அலமாரியைத் திறந்தால் இது இருக்கிறது. ஒரு முறை புரட்டிவிட்டு வைத்த புத்தகம் இல்லை அது. பக்கம் பக்கமாகக் கோடு போட்டிருக்கிறார். ஆலை வாசலில் அந்த லெப்டினன்ட் ஒரு கிழவரைத் தடியால் அடிக்கும் இடத்தில், ‘நான் யாரையும் இப்படி அடித்ததில்லை’ என்று எழுதியிருக்கிறார். ஊரில் ஒருவரும் இதைப் படிக்கக்கூடாது என்று கொளுத்தியவர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். நான் அந்தக் கதவுக்கு வெளியே அவருக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் மனசு கெடவில்லை, என் மனசு மட்டும் கெட்டுவிடுமா? என்னை எவ்வளவு மட்டமாக நினைத்திருக்கிறார். அதை நினைத்தால் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. இந்தப் புத்தகத்தைப் போடுவது அவருக்கு அஞ்சலி இல்லை, குன் சவாங். பதில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தகனப் புத்தகம் கடைக்கு வருவதில்லை. அதைச் சோதிக்க யாரும் வருவதில்லை. ஒரு இன்ஸ்பெக்டருடைய தகனப் புத்தகத்தைச் சோதிக்க யாருக்குத் தோன்றும்? மாகாணக் காவல் தலைவரிலிருந்து தாசில்தார் அலுவலகக் குமாஸ்தா வரை எல்லாரும் வருவார்கள். சிதை மேடையில் ஏறி, மரச்சீவலில் செய்த சந்தனப்பூவை வைத்துவிட்டு இறங்கும்போது ஆளுக்கொரு பிரதி கொடுப்போம். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, செத்தவருக்கு அவமரியாதை. வீட்டுக்குக் கொண்டுபோய் எரிக்கவும் முடியாது. செத்தவர் பெயரில் வந்த புத்தகத்துக்குத் தீ வைக்க இந்த நாட்டில் யாருக்குக் கை வரும்? உங்களைத் தடை செய்தவர்கள் வீட்டில், புத்தர் படத்துக்குப் பக்கத்து அலமாரியில், உங்கள் புத்தகம் அவர்கள் பேரன் காலம் வரை இருக்கும்.

பயமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். நான் வேறு யாரையாவது வைத்து முடிவை எழுதச் சொல்கிறேன். சங்கத் தலைவிக்குக் கதை எழுதும் ஆசை உண்டு.

லமியத்



சியாங்கான்
ஏப்ரல் 19

குன் லமியத்,

உங்கள் கடிதம் புத்தாண்டு நீர்த் திருவிழாவன்று வந்தது. தபால்காரர் மேல் யாரோ வாளியோடு ஊற்றிவிட்டார்கள். கொடியில் காயப்போட்டுத்தான் படித்தேன். சங்கத் தலைவி முடிவு எழுதப்போவதாக நீங்கள் மிரட்டியிருக்கும் இடத்தில் மை கரையவில்லை.

அந்த அலமாரிக் கணக்கைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஏழு மாதத்தில் முதல் முறை சத்தமாகச் சிரித்தேன், வாத்துகள் கலைந்து ஓடின. பிறகு வெட்கமாக இருந்தது. நான் வெளியே வந்ததிலிருந்து முட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் துக்க உடையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்திருக்கிறீர்கள்.

இந்த ஊர் அஞ்சலகத்தில் எனக்கு வருவதையெல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதங்களை மட்டும் பிரிப்பதில்லை. உறையில் காவலர் குடியிருப்பு விலாசம் இருக்கிறதே. இந்த நாட்டிலேயே பத்திரமான விலாசம் உங்களுடையதுதான்.

சம்மதிக்கிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. என் நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒரு வரிகூட வெட்டக்கூடாது. அந்தக் கிழவரை அடிக்கும் இடம் அப்படியே வர வேண்டும். என் பெயர் முழுசாக வர வேண்டும். புனைபெயர் வைத்தால் என்னைப் பிடிக்க மாட்டார்கள் என்று அக்கறையோடு எழுதிவிடாதீர்கள். பிடிக்கட்டும்.

அடுத்தது உங்களுக்குக் கஷ்டமானது. புத்தகத்தின் முன்னால் இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பு போடுவீர்கள். பிறந்தார், படித்தார், பதக்கம் வாங்கினார், அன்பான கணவர் என்று இருக்கும். அதில் அக்டோபர் மாதம் என் கடையில் செய்ததையும் எழுத வேண்டும். அது இல்லாமல் வந்தால், அவர் ஏதோ என் புத்தகத்தைக் காப்பாற்றி வைத்த புண்ணியவான் என்றுதான் நாளைக்கு ஊர் பேசும். ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்துகிறவன் வாசகன் இல்லை. தனக்கு மட்டும் போதும் என்று நினைக்கிறவன்.

இன்னொன்று. உங்கள் மகன் ஆனோனும் காவல்துறையில்தான் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். அவன் சட்டையிலிருக்கும் நட்சத்திரம் போகும். அதை அவனைக் கேட்காமல் பறிக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

இவை எல்லாம் நடந்தால் கடைசிப் பக்கங்களைப் பற்றி யோசிக்கிறேன்.

சவாங்



பாக்நாம்போ
ஏப்ரல் 30

குன் சவாங்,

வாழ்க்கைக் குறிப்பை நாலு முறை எழுதிக் கிழித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவர் எனக்கு இருபத்தெட்டு வருஷம் கணவர், உங்களுக்கு ஒரு நாள் போலீஸ்காரர். எனக்கு ஜுரம் வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றினவர். அதையும் இதையும் ஒரே பக்கத்தில் எப்படி வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்:

‘2519 அக்டோபரில், மேலிடத்து உத்தரவுப்படி, படகுத்துறைப் புத்தகக் கடையிலிருந்த புத்தகங்களைப் பறிமுதல் செய்து எரித்தார். கடைக்காரரைச் சிறைக்கு அனுப்பினார். அந்தத் தீயிலிருந்து ஒன்றை எடுத்து, இறக்கும் வரை யாருக்கும் காட்டாமல் படித்தார். அந்தப் புத்தகம் இது.’

இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்களுக்குப் போதாது என்றால் என்னிடம் வேறு இல்லை.

ஆனோனிடம் சொல்லிவிட்டேன். ஃபிச்சிட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். முதலில் கையெடுத்துக் கும்பிட்டான். “அம்மா, அப்பாவ எரிக்கிற அன்னிக்கே அவர் மானத்தையும் எரிக்கணுமா?” என்று கேட்டான். நான் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அதே இடத்தில், அதே நாற்காலியில் இருந்தான். அடுப்பில் சோறு தீய்ந்திருந்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்பாவின் பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே, “இதை அவர் எங்கிட்டயாவது காட்டியிருக்கலாமேம்மா” என்றான். மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது, அச்சுப் பிழை பார்க்கத் தனக்கு அனுப்பும்படி சொல்லிவிட்டுப் போனான்.

அச்சகக்காரர் ஹெங் அண்ணன்தான் தயங்குகிறார். அந்த அடிக்கிற அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடலாமே, பக்கமும் மிச்சமாகும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “அண்ணே, போலீஸ்காரன் பொண்டாட்டி நான் சொல்றேன், முழுசாக் கோத்துடுங்க. யார் கேட்டாலும் நான் மிரட்டினேன்னு சொல்லுங்க” என்றேன். மிரட்டினேன் என்பதும் பொய் இல்லை.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு வாத்துகளைக் கலைத்துவிடாதீர்கள். தகனப் புத்தகத்துக்கு மேலதிகாரியின் முன்னுரை வேண்டும் என்பது வழக்கம். மாகாணக் காவல் தலைவர் கர்னல் பிசித்துக்கு எழுதிக் கேட்டேன். எரிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவரும் அவர்தான். உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று கேட்பார், என்ன சொல்லலாம் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. யார்தான் கேட்கிறார்கள்? எல்லாருக்கும் எழுதுவதையே எனக்கும் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். கடைசி வரியை அப்படியே தருகிறேன்: ‘இன்ஸ்பெக்டர் சனோங்கின் நினைவாக வெளியிடப்படும் இந்த நூல் மிகுந்த பயனுள்ளது. அனைவரும் இதைப் படித்துப் பயன்பெறுவதோடு, தம் பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுக்க வேண்டும்.’

அதிலிருந்து இரண்டே பக்கம் தள்ளி உங்கள் பெயர்.

தகனம் ஜூன் 4, சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை எரிக்கக்கூடாது என்பதால் ஒரு நாள் தள்ளிவைத்தோம். ஹெங் அண்ணன் உடைந்துபோன அந்த வரி வரைக்கும் எழுத்துக் கோர்த்துவிட்டார். நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன். பிறகு?

லமியத்



சியாங்கான்
மே 11

லமியத் அக்கா,

நீங்கள் என்னைவிட மூத்தவர் என்று உங்கள் கணக்கை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. அதனால் ‘குன்’ என்ற மரியாதையை விட்டு அக்கா என்றே எழுதுகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பு போதும். நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டேன். கோபத்தில் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன், யாரும் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

ஆறு பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாவலை எழுதியது 2517-இல். மாணவர்கள் போராடி ராணுவ ஆட்சியை இறக்கி ஜெயித்திருந்த சமயம். எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள், போலீஸ்காரர்கள் உட்பட. அதனால் என் நாவலில் அந்த லெப்டினன்ட் கடைசியில் சுடுவதில்லை. துப்பாக்கியை எடுக்கிறான், தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆலை வாசல் படியில் வைக்கிறான், தொப்பியையும் பக்கத்தில் வைத்துவிட்டு அந்த மனிதர்களோடு போய் உட்காருகிறான். சங்கு ஊத வேண்டிய நேரம் வருகிறது. ஊதவில்லை. நாவல் முடிகிறது.

நாலைந்து நாள் இதை எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. சுடாத போலீஸ்காரனை நான் பார்த்ததில்லை. போன அக்டோபரில் தலைநகரில், மாணவர்களோடு இருந்த என் அக்கா மகனைச் சுட்டார்கள். அவன் பெயரை இங்கே எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. அதனால் வேறு மாதிரி எழுதினேன். லெப்டினன்ட் சுடுகிறான். ஒருத்தர் மிச்சமில்லை. பிறகு அவன் நிலையத்துக்குத் திரும்பி ஐஸ் போட்ட காப்பி குடிக்கிறான். நன்றாக வந்திருந்தது, அக்கா. நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல ஆறு பக்கங்கள் என்று தோன்றியது. மூலப் பிரதி யாரிடமும் இல்லை. இதுதான் முடிவு என்று நான் சொன்னால் இதுதான் முடிவு. உங்கள் கணவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான் என்று நினைத்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனபோது அந்த உறை பையில் இருந்தது. அங்கே என் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு வேறொருவன் தன் பயத்தில் என் புத்தகத்தை எரித்தான். இன்றைக்கு நான் என் கோபத்தை வைத்து மாற்றப்போகிறேன். 2517-இல் கடைக்கு வந்து காசு கொடுத்து வாங்கியவர்கள் படித்தது எதுவோ அதுதான் புத்தகம். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கும் உரிமை இல்லை. அப்படிப் பிடுங்கினால் உங்கள் அலமாரிச் சாவி என் இடுப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த உறையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எரிக்கவில்லை. அது வேறொரு கதை, அதை வேறொரு நாள் எழுதுவேன். இதோ பழைய முடிவு. வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை, ஆனால் ஒன்றையும் மாற்றவில்லை. அந்த லெப்டினன்ட் நல்லவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இன்று நம்பிக்கை இல்லை என்பதற்காக அவன் என்ன செய்வான்.

சவாங்



பாக்நாம்போ
ஜூன் 7

தம்பி சவாங்,

எல்லாம் முடிந்தது. முறையாகச் சொல்கிறேன்.

உங்கள் பக்கங்கள் வந்ததும் ஹெங் அண்ணனிடம் கொடுத்தேன். கோர்த்துக்கொண்டே படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அப்போது படிக்கவில்லை. ‘பிறகு?’ என்று கேட்டவர் என் கணவர், பதில் முதலில் அவருக்கே தெரிய வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கூட்டம் வருவதற்கு முன்பு கோயிலுக்குப் போனேன். நூறு நாளும் செய்த மாதிரி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அவர் உடல் இருந்த பெட்டியை விரலால் தட்டினேன். சாப்பிட எழுப்ப, ஓதுவதைக் கேட்க எழுப்ப என்று தட்டித் தட்டி என் விரல் காய்த்துப் போயிருந்தது. “என்னங்க, எந்திரிங்க. பிறகுன்னு கேட்டீங்கல்ல, வந்திருக்கு. கேளுங்க” என்றேன். ஆறு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். கல்யாணமானதிலிருந்து அவர் முன்னால் நான் எதையும் படித்ததில்லை. தோட்டாவைக் கழற்றி வைக்கும் இடத்தில் நிறுத்தி, அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். அவர் அதைப் படித்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். ஆனால் படிக்காமலே எரித்தாரே. அதற்காக அழுதேன். அவருக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

மதியம் கூட்டம் வந்தது. அதிகாரிகள், குடும்பங்கள், நாங்கள் எதிர்பார்த்தவர்கள் எல்லாம். அதற்குப் பிறகு எதிர்பார்க்காதவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள். படகுத்துறை மூட்டை தூக்கிகள். அவர் லாக்கப்பில் வைத்த ஆட்கள். கையில் சந்தனப்பூவோடு கோயில் வாசலைத் தாண்டி ரோடு வரை வரிசையில் நின்றார்கள். ஹெங் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவரும் மரியாதையாக மேலே ஏறி, பூவை வைத்து, கும்பிட்டு, கீழே இறங்கிக் கையை நீட்டினார்கள். இந்த ஊரில் இவ்வளவு பெரிய தகனத்தை யாரும் பார்த்ததில்லை. “சனோங்குக்கு ஜனங்க மத்தியில இவ்வளவு மதிப்பா!” என்று கர்னல் பிசித் நெகிழ்ந்துபோய் என்னிடம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படியடியில் நின்று புத்தகம் கொடுத்தவன் ஆனோன். சீருடையில் நின்றான். வேறு யாரையும் கொடுக்க விடவில்லை.

கர்னல் பந்தலில் உட்கார்ந்து பிரித்தார். முதலில் தன் முன்னுரையைத் தேடினார், எல்லாரும் தேடுவது போல. திருப்தியாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பினார். வாழ்க்கைக் குறிப்பைப் படித்தார். இன்னொரு பக்கம் திருப்பினார். நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. எழுந்து ஆனோனிடம் போனார்.

“இது எத்தனை பேர் கைக்குப் போயிருக்கு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“வந்தவங்க எல்லாருக்கும் குடுத்தாச்சு ஐயா. முதல் பக்கத்துல உங்க முன்னுரையப் பாத்துட்டு, கண்டிப்பாப் படிக்கிறோம்னு சொல்லிட்டுப் போறாங்க” என்றான் ஆனோன். குரலில் நடுக்கமே இல்லை. அந்த நேரத்தில் அவனைப் பெற்றதற்காகக் கர்வப்பட்டேன்.

பறிமுதல் செய்தால் அதில் தன் பெயரும் முத்திரையும் இருக்கிறது. ஏன் படிக்கச் சொன்னீர்கள் என்று பாங்காக்கில் கேட்பார்கள். அதை அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. கடைசியில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். விட்டுவிட்டுப் போகவில்லை பாருங்கள்.

ஆனோனை எல்லைக்கு மாற்றி நேற்று உத்தரவு வந்துவிட்டது. மலேரியாக் காடு. பதவி உயர்வு இனி இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்களாம். அவன் மூட்டை கட்டும்போது நாலு பிரதிகளை உள்ளே வைப்பதைப் பார்த்தேன். அங்கே படிக்க ஒன்றும் கிடைக்காது என்றான்.

ஒன்று கேட்க வேண்டும் என்று முதல் கடிதத்திலிருந்தே தள்ளிப்போட்டு வந்தேன். கிழவரை அடித்த அந்த லெப்டினன்ட், அது என் கணவரா? தான் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்தப் பதிலானாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

லமியத்



சியாங்கான்
ஜூன் 20

லமியத் அக்கா,

நீங்கள் அனுப்பிய பிரதி வந்தது. முதல் நாள் முழுக்கப் பிரிக்கவே இல்லை, மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு இரண்டு பக்கம் முன்னால் கர்னலின் முத்திரையைப் பார்த்தபோதுதான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில். எழுதும்போது எனக்கு உங்கள் கணவரைத் தெரியாது. அந்த லெப்டினன்ட் யாரும் இல்லை. ஆனால் தூணில் கட்டிப்போட்டிருந்த அன்று முதல், அடிக்கிற பக்கத்தை நினைத்தால் அவர் முகம்தான் வந்தது. இப்போது கடைசி ஆறு பக்கத்தை அச்சில் படித்தேன். தொப்பியைக் கழற்றி வைக்கும் இடத்திலும் அவர் முகமே வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தக் காப்பிக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஆனோனுக்கு எழுதியிருக்கிறேன். எல்லைக்கு வாத்து முட்டை அனுப்ப முடியுமா என்று பார்க்கிறேன். உப்பில் போட்டால் மாதக்கணக்கில் கெடாது.

எனக்கு வாரம் இரண்டு கையெழுத்து ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை நிலையத்தில் விசாரித்தார்கள். உன் புத்தகம் எப்படி அச்சானது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, கர்னல் பிசித் எல்லாரையும் படிக்கச் சொல்லியிருக்கிறாராமே, அவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். வீட்டுக்குப் போ என்றார்கள்.

பாக்நாம்போவிலிருந்து தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார். ஆலையில் மூட்டை தைக்கிறவர். அவருடைய அப்பா இந்த மாதம் இறந்துவிட்டாராம். தகனத்துக்கு எங்கள் அப்பா பெயரிலும் இதே புத்தகத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார். போடுங்கள், ஆனால் ஒரு பக்கம்கூடக் குறையக்கூடாது என்று பதில் எழுதிவிட்டேன்.

அதனால் அக்கா, ஹெங் அண்ணனிடம் உடனே போய்ச் சொல்லுங்கள். கோர்த்த எழுத்துகளைக் கலைக்க வேண்டாம். ஊரில் யாராவது செத்துக்கொண்டேதானே இருக்கிறார்கள்.

சவாங்